அறுகங்குடாவின் அலையும் கெண்டைக்காலின் பிடிப்பும்

மட்டக்களப்பிலிருந்து தெற்கே பொத்துவில் நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே ஒருமுறையேனும் பிரயாணஞ் செய்யாதவர் கீழைக்கரையை முற்றாகக் கண்டவராகார். ஒருபால் கடலும் மறுபால் வயலுமாக, ஊருக்கு ஊர் பேச்சும் வழிபாடும் மாறிமாறி வர, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, விபுலானந்த அடிகள் 1892ஆம் ஆண்டிலே தோன்றிய காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று என அத்தெரு நீண்டு செல்கின்றது. திருக்கோவிலிலே சித்திர வேலாயுதரைக் கும்பிட்டுக் கோமாரியையுங் கடந்த பின்னர் ஊர்கள் ஐதாகிவிடும். பற்றைக்காடும் மணல்மேடும் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும். பொத்துவிலில் இறங்கி, அங்கிருந்து ஓட்டோவிலே சிறிது நேரம் தெற்கே சென்றால், ஒரு களப்பும், அதன் வாயின்மேல் நீண்ட பாலமும், பாலத்துக்கப்பால் உல்லை எனப்படும் கடற்கரைக் குடியிருப்பும் தோன்றும். அதுவே அறுகங்குடா. அலைச்சறுக்கு விளையாட்டினர் உலகின் எம்மூலையிலிருந்து வந்தாலும் அறிந்து வைத்திருக்கும் ஊர்.

சென்ற ஆவணி விடுமுறையிலே எம் தமையனாரின் மகனையும், அவனோடு உயர்தர வகுப்பிற் பயிலும் நண்பர் இருவரையும் அழைத்துக்கொண்டு நாம் அங்கே சென்று நான்கு நாள் தங்கினோம். பையன்களுக்கு அலைச்சறுக்குப் பழகவேண்டுமென்ற ஆவல். எமக்குக் களப்பையும் உகந்தைக் கோயிலையும் பார்க்கவேண்டுமென்ற ஆவல். இருசாராரும் தத்தம் எண்ணம் நிறைவேறியே திரும்பினோம். எனினும் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது களப்புமன்று, கோயிலுமன்று. அக்கடலில் இறங்குவோர் பலரை என்றாவது ஒருநாள் பற்றிக்கொள்ளும் ஒரு சிறு நோவேயாகும். கரையிலே அது சிறு நோவு. கடலிலே அவ்வாறு சொல்லமுடியாது.

பாலத்தைக் கடக்கும்போது பையன்களுக்கு நாம் சொல்லியது ஒன்றுண்டு. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி வந்த ஆழிப்பேரலை இக்குடியிருப்பை ஏறக்குறைய முழுவதுமாகத் துடைத்துச் சென்றது. பழைய பாலமும் சேதமுற்றது. இப்பொழுதுள்ள பாலம் அதன்பின் கட்டப்பெற்று 2008ஆம் ஆண்டிலே திறந்து வைக்கப்பட்டது. உயிரையும் உடைமையையும் கொண்டுபோன அதே கடலை நம்பித்தான் அவ்வூரார் மீண்டும் வீடு கட்டினர், விடுதி கட்டினர், தோணி இழுத்தனர். கடலை அவர்கள் வெறுத்தாரில்லை. ஆனால் அதனோடு விளையாடும் பொழுதும் ஒரு கண்ணை அதன்மேல் வைத்தே விளையாடுகின்றனர். இதனைப் பிற்பாடு எம் கண்ணாலே கண்டோம்.

அறுகங்குடாவின் அலை ஏன் இத்துணைப் பெயர் பெற்றது? குடாவின் தென்கோடியிலே பாறை நிறைந்த ஒரு முனை கடலுக்குள் நீண்டு நிற்கின்றது. சித்திரை கடந்து ஐப்பசி வரையுள்ள மாதங்களிலே தென்சமுத்திரத்தின் புயல்கள் எழுப்பும் பெருந்திரைகள் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் உருண்டு வந்து இம்முனையிலே மோதுகின்றன. மோதிய அலை ஒரேயடியாகக் கவிழ்ந்து விடுவதில்லை. முனையைச் சுற்றி வளைந்து, நுனியிலிருந்து சிறிது சிறிதாக நுரைத்து உடைந்துகொண்டே கரையோரமாக ஓடுகின்றது. உடையாத பக்கத்தைப் பற்றிக்கொண்டு பலகையிலே நிற்பவன் சில நூறு மீற்றர் தூரம் சறுக்கிச் செல்லலாம். இறங்கியதும் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மணலிலே நடந்து முனைக்கு வந்து மறுபடியும் பாய்கிறான். இதே மாதங்களிலே உள்நாட்டுக் காடுகளைத் தாண்டி வரும் வரண்ட கச்சான் காற்று, காலையிலே கடலின் முகத்தை வழித்துவிட்டாற்போல ஒப்பரவாக்கும். (பாணமைக்குச் செல்லும் வழியிலே மற்றோர் அலைத்துறை உண்டு. அதனை ஆங்கிலத்திலே ‘பீநட் பாம்’ என்பர். நிலக்கடலையை நாம் கச்சான் என்றே வழங்குவதால், கச்சான் காற்றிலே கச்சான் தோட்டத்து அலையிற் சறுக்குகிறார்கள் என்று சொல்லிப் பையன்களைச் சிரிக்க வைத்தோம்.)

முன்னர் இவ்விளையாட்டு வெள்ளைக்காரருக்கே உரியதென்ற எண்ணம் எம்மவரிடை இருந்தது. இன்று அவ்வாறன்று. 2019ஆம் ஆண்டிலே உலக அலைச்சறுக்குச் சங்கத்தின் தகுதிகாண் போட்டியொன்று இங்கே நடைபெற்றது. யப்பானிலே 2021ஆம் ஆண்டு நடந்தேறிய தோக்கியோ ஒலிம்பிக் விழாவிலே அலைச்சறுக்கு முதன்முதலாக இடம்பெற்றது. அறுகங்குடாவின் பெண்களோ 2018ஆம் ஆண்டிலேயே தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்துக்கொண்டனர். இலங்கையிற் பெண்களுக்கென அமைந்த முதல் அலைச்சறுக்குச் சங்கம் அது. வீட்டு வேலையையும் முடித்துவிட்டுப் பலகையைச் சுமந்துவரும் தாய்மாரைக் காணும்பொழுது, “கடல் ஆண்பிள்ளைக்கே” என்று இன்னும் சொல்லித் திரிவோரை ஒருமுறை இங்கே அழைத்துவர வேண்டுமென்று தோன்றியது.

பார்ப்பவருக்கு அலைச்சறுக்கு நிற்கும் விளையாட்டாகத் தோன்றும். உண்மையிலே நிற்பது சில விநாடிகளே. கடலிற் கழியும் பொழுதின் பெரும்பகுதி பலகையின்மேற் குப்புறக் கிடந்து கைகளால் நீரை வலித்துச் செல்வதிலும், அலையை எதிர்பார்த்துப் பலகையிற் குந்தியிருப்பதிலுமே போகின்றது. கைகள் வேலை செய்ய, கால்கள் சும்மா கிடப்பதுபோல் இருக்கும். ஆனால் அவை சும்மா கிடப்பதில்லை. புதிதாகப் பழகுவோனைக் கரையிலிருந்து உற்று நோக்குங்கள். உடல் சரியாமலிருக்க அவன் தொடையையும் காலையும் இறுக்கி வைத்திருப்பான். பாதம் நீரிலே இழுபடாதிருக்க முழங்காலை மடித்துக் குதிகாலை வானத்துக்குக் காட்டுவான். விரல்களோ நாட்டியப் பெண்ணின் விரல்கள்போல நீட்டிக் கூர்ந்திருக்கும். இவ்வாறு அரைமணி, ஒருமணி நேரம். எழுந்து நின்றாலோ பலகை வழுக்காமலிருக்கக் கால்விரல்களால் அதனைக் கவ்விப் பிடிக்கிறான். துடுப்புப் போன்ற பாதணி அணிந்து சிறு பலகையிற் கிடந்து செல்வோருக்கு இன்னும் அதிக வேலை.

இரண்டாம் நாட் காலை ‘பேபி பொயின்ற்’ என வழங்கும் சிறு அலைத்துறையிலே எம் பெறாமகனுக்கு நேர்ந்ததும் இதுவே. பழக்குவித்தவர் அவ்வூர் இளைஞர், தோணிக்காரக் குடும்பம். ஒன்றரை மணி நேரமாகியும் பையன் கரையேற மனமின்றி மற்றொரு அலைக்காகக் கைவலித்துக்கொண்டிருந்தான். திடீரென “ஐயோ” என்று ஒரு சத்தம். வலக்காலைப் பிடிப்பதற்காகப் பலகையை விட்டுவிட்டு நீரிலே உருண்டான். தலை ஒருமுறை அமிழ்ந்தது. வாயிலே உப்புநீர் புகுந்தது. கரையில் நின்ற எமக்கு நெஞ்சு நின்றுவிட்டாற்போலிருந்தது. இளைஞர் சிறிதும் பதறவில்லை. தம் பலகையைத் திருப்பிக்கொண்டே உரத்துக் கூவினார்: “பலகைய உடாத தம்பி! காலப் பாக்காத, பலகையப் புடி!” கணுக்காலிற் கட்டியிருந்த கயிறு பலகையைத் தூரப் போகவிடாமல் வைத்திருந்தது. பையன் அதனை எட்டிப் பிடித்து நெஞ்சை அதன்மேற் போட்டுக்கொண்டான். இளைஞர் அருகே வந்து, அவன் முழங்காலை ஒரு கையால் நீட்டி அமர்த்தி, மறுகையாற் பாதத்தின் முன்பகுதியை முகத்தை நோக்கி மெல்லத் தள்ளினார். ஒரு நிமிடத்திற்குள் இருவரும் வெள்ளைநுரையோடு கரைக்கு வந்துவிட்டனர்.

“சேர், இந்த நோவால ஆரும் சாகிறல்ல. பயத்திலதான் தண்ணியக் குடிக்கிற” என்றார் அவர். கல்லூரியிலே நாம் உடற்றொழிலியல் நூல்களைப் புரட்டிச் சொல்லும் பாடத்தை அவர் ஒரு வசனத்திலே சொல்லிவிட்டார். ஆழமறியாத நீரிலே தனித்து நிற்பவனைக் கொல்வது காலின் பிடிப்பன்று. அப்பிடிப்பு வந்ததும் அவன் மூச்சையும் பலகையையும் ஒருங்கே கைவிடுவதுதான்.

அகராதி இதனைக் குரக்குவலி என்னும். வீட்டிலே நாம் “நரம்பு இழுக்குது” என்போம். இழுப்பது நரம்பன்று, தசை. முழங்காலின் கீழே பின்புறத்திலுள்ள சதையைக் கெண்டைக்கால் என்று நம் முன்னோர் வழங்கியது எத்துணைப் பொருத்தம்! நடுவிற் பருத்து இருமுனையும் ஒடுங்கிய கெண்டைமீனின் வடிவமே அது. பிடிப்பு வந்தபொழுது தொட்டுப் பார்த்தால், தோலின் கீழே மீன் துடிப்பதுபோலவே இருக்கும். இம்மீன் ஒன்றன்று, இரண்டு. மேலே கிடப்பது முழங்காலுக்கும் மேலே தொடை எலும்பிலே தொடங்குகின்றது. கீழே கிடப்பது முழங்காலின் கீழே தொடங்குகின்றது. இரண்டும் ஒரே தடித்த நாணாகிக் குதிகாலெலும்பிலே பொருந்துகின்றன. மேற்றசை முழங்கால், கணுக்கால் ஆகிய இரு மூட்டுக்களையும் கடந்து செல்வது என்பதை மாணவர் மனத்திற் கொள்ளல் வேண்டும். முழங்காலை மடித்து விரல்நுனியையும் நீட்டினால் இத்தசையின் இருமுனைகளும் ஒன்றையொன்று நெருங்கி, தசை மிகக் குறுகிவிடும். குறுகிய நிலையிலே களைத்த தசையை மேலும் சுருங்குமாறு ஏவினால், அது சுருங்கிய பின் விடமறுக்கின்றது. அலைச்சறுக்குப் பழகுவோன் குதிகாலை வானத்துக்குக் காட்டிக் கிடக்கும் நிலை அதுவேயன்றோ?

தசையைச் சுருங்கச் சொல்லும் ஏவல் முண்ணாணிலிருந்து வருகின்றது. போதும், தளர் என்று தடுக்கும் செய்தி தசைநாணிலுள்ள நுண்ணிய உறுப்புக்களிலிருந்து செல்கின்றது. தசை களைக்கும்பொழுது ஏவல் மிகுந்து தடை குறைகின்றது. குறுகிய நிலையில் நாண் தளர்ந்திருப்பதால் தடை மேலும் குறைகின்றது. இக்காலத்து ஆராய்ச்சியாளர் பலர் பிடிப்புக்குக் கூறும் காரணம் இதுவே. தசையை இழுத்து நீட்டியதும் நோவு விடுவது ஏன் என்பதும் இதனால் விளங்கும். நாண் இறுகியதும் தடைச்செய்தி மீண்டும் செல்கின்றது.

“அப்படியானால் உப்புக் குறைவினால் வருகிறதென்று சொல்கிறார்களே?” என்று பையன்களில் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி, அதற்கொரு பழைய வரலாறும் உண்டு. இங்கிலாந்தின் ஆழ்ந்த நிலக்கரிச் சுரங்கங்களிலே வெப்பத்தில் வேலை செய்தோர் வியர்வையாக உப்பை இழந்து, வெறுந்தண்ணீரையே குடங்குடமாகக் குடித்துக் கடும்பிடிப்புக்கு ஆளாயினர். மொஸ் என்னும் ஆராய்ச்சியாளர் 1923ஆம் ஆண்டிலே இதனை விளக்கி, உப்புக் கலந்த நீரே ஏற்றதென்று எழுதினார். ஆகவே உப்புக்கதை பொய்க்கதையன்று. நாள்முழுதும் வெயிலிற் புழுங்கி வியர்ப்பவருக்கு அது பொருந்தும். ஆனால் எல்லாப் பிடிப்புக்கும் அதுவே காரணமென்று சொல்வது மிகை. 3.8 கிலோமீற்றர் நீந்தி, 180 கிலோமீற்றர் சைக்கிளோடி, பின் 42 கிலோமீற்றர் ஓடும் கடும்போட்டியிற் பங்குகொண்ட 210 பேரைத் தென்னாபிரிக்க ஆராய்ச்சியாளர் சோதித்து 2011ஆம் ஆண்டிலே வெளியிட்ட முடிவு இது: பிடிப்புக் கண்டவருக்கும் காணாதவருக்கும் நீரிழப்பிலோ இரத்தத்து உப்பிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. வேகமாக ஓடியவரும், முன்னரே பிடிப்புக் கண்டவருமே மீண்டும் அதற்கு ஆளாயினர். இழுக்கும் தசை பெரும்பாலும் உழைத்த தசையே என்பதையும் நோக்குக. உப்புக் குறைவதானால் உடல் முழுவதிலுமன்றோ குறையும்? கெண்டைக்கால் மாத்திரம் ஏன் இழுக்கவேண்டும்?

குளிர்நீர் காரணமென்று மேனாட்டு நூல்கள் கூறும். அங்கே அது பொருந்தலாம். அறுகங்குடாவின் நீர் ஏறக்குறைய 28 பாகை வெப்பமுள்ளது; அங்கே குளிரைக் குற்றஞ்சொல்ல இடமில்லை. இங்கே எதிரி வெயிலும் கச்சானும் ஆசையுமே. நீருள்ளே கிடப்பவனுக்கு வியர்ப்பது தெரிவதில்லை; வியர்க்கத்தான் செய்கிறது. ஆசை என்றது, “இன்னும் ஒரே அலை” என்னும் ஆசையை.

மருந்துகளைப் பற்றியும் சிறிது சொல்வோம். பழைய மலேரியாக் காலத்திலே வீட்டுக்கு வீடு அறிந்த கொயினாவை இராப் பிடிப்புக்கும் கொடுப்பது ஒருகால் வழக்கமாயிருந்தது. இரத்தத்தையும் இதயத்தையும் அது கெடுக்கக்கூடுமென்பதால் அமெரிக்க மருந்து அதிகாரிகள் அதனைக் காற்பிடிப்புக்கு வழங்கவேண்டாமெனப் பலமுறை எச்சரித்துள்ளனர். மக்னீசியக் குளிசைகள் கடைகளிலே நிறைய விற்கின்றன. முதியோரின் பிடிப்பை அவை குறிப்பிடத்தக்க அளவு தடுப்பதாகத் தெரியவில்லையென்று, ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தோர் 2020ஆம் ஆண்டிலும் கூறியுள்ளனர். ஊறுகாய்க் கதை சுவையானது. 2010ஆம் ஆண்டிலே அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் இளைஞரின் காற்பெருவிரற் றசையிலே மின்னால் பிடிப்பை உண்டாக்கி, வெள்ளரி ஊறுகாயின் புளித்த உப்புநீரைச் சிறிது குடிக்கக் கொடுத்தனர். வெறுந்தண்ணீர் குடித்ததைக் காட்டிலும் ஏறக்குறைய முக்கால் நிமிடம் முந்திப் பிடிப்பு விட்டது. அந்நீர் இரத்தத்திற் கலப்பதற்கே அவ்வளவு நேரம் போதாது. தொண்டையிலே உறைக்கும் புளிப்பே நரம்பு வழியாகச் சென்று ஏவலைத் தணித்ததென அவர்கள் கருதினர். எம் தேசிக்காய் ஊறுகாயும் இவ்வாறு செய்யுமா என்று பையன்கள் கேட்டனர். வெள்ளரிக்காயைத்தான் சோதித்தார்கள் என்று மாத்திரம் விடையிறுத்தோம்.

இனி வருமுன் காப்பது எவ்வாறு? அன்று மாலை அவ்விளைஞர் பையன்களை நீருக்குள் விடவில்லை. மணலிலே பலகையைப் போட்டு அதன்மேற் கிடத்தி, கால்களைத் தளர்த்தி நீட்டிப் பாதம் தொங்குமாறு விட்டுக் கைவலிக்கப் பழக்கினார். விரலைக் கூர்த்தபொழுதெல்லாம் ஒரு தென்னோலை ஈர்க்கினால் உள்ளங்காலிலே தட்டினார். எந்த மருந்தைப் பார்க்கிலும் இப்பயிற்சியே பயனுள்ளதென்பது எம் கருத்து. அலையை எதிர்பார்த்துக் குந்தியிருக்கும் நேரத்திலே இருபாதங்களையும் முகம் நோக்கி மடக்கிச் சிலமுறை அசைத்தலும் நன்று. கடலுக்கு வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே, வீட்டுப் படியின் விளிம்பிலே முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை மெல்ல உயர்த்தித் தாழ்த்தும் பயிற்சியைச் செய்து வந்தால் கெண்டைக்கால் உரம்பெறும். உரம்பெற்ற தசை விரைவிற் களைப்பதில்லை. இறங்குமுன் மணலிலே சிறிது ஓடி உடம்பைச் சூடாக்கலாம்.

உணவைப் பற்றிப் பாட்டிமார் சொல்வது, “சாப்பிட்டு இறங்கினால் கால் இழுக்கும்” என்பதாகும். இதற்கு நல்ல சான்று இல்லை. வயிறு முட்ட உண்டபின் குப்புறக் கிடப்பது வசதியற்றதென்பது வேறு விடயம். பட்டினியாக இறங்குவதே கூடாது. காலையிலே சிறிது உப்பிட்ட கஞ்சியோ சோறோ உண்டு, தாகம் வருமுன்னரே நீரும் அருந்திச் செல்வது சிறந்தது. செவ்விளநீரைப் பலர் புகழ்வர். நாமும் நாளுக்கு இரண்டு குடித்தோம். ஆயினும் அதிலே பொட்டாசியமே மிகுதி. வியர்வையோடு மிகுதியாகப் போவதோ சாதாரண உப்பின் சோடியம். நீண்டநேரம் வெயிலில் நின்றவர் இளநீரோடு உப்புள்ள உணவையும் உட்கொள்ளுதல் வேண்டும். இருதய நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர் உப்பைக் கூட்டுவதற்கு முன் தம் வைத்தியரைக் கேட்டுக்கொள்க. முதல்நாளே ஒருமணி நேரத்துக்கு மேல் நிற்கவேண்டாம். பஸ்ஸிலே நெடுந்தூரம் காலை மடித்திருந்து வந்த அன்றே கடலிற் பாய்வதும் வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு இழுத்துவிட்டால்? முதலாவது, பலகை. அதனை விடாமல் நெஞ்சை அதன்மேல் வைத்து இரண்டு மூன்று முறை மெதுவாக மூச்சை வெளிவிடுக. முழங்காலை நீட்டி, விரல்களை முழந்தாளை நோக்கி உன் காலின் வலிமையாலேயே மடக்கு. முன்கால் தசை வேலை செய்யும்பொழுது பின்கால் தசை தளருவது உடம்பின் நியதி. பலருக்கு இதுவே போதும். போதாவிடின், அலை உடையாத அமைதியான இடத்திலே பலகையில் எழுந்திருந்து, நொந்த காலை அதன்மேல் நீட்டி வைத்து, கையால் விரல்களைப் பற்றி மெல்ல இழு. வெடுக்கென இழுக்காதே. முழங்கால் மடிந்திருந்தால் மேற்றசை நீளாது என்பதை மறவாதே. இழுத்த பிடியை அரை நிமிடமாவது விடாமல் வைத்திரு. பின்னர் காலை அசைக்காமற் கைகளால் மாத்திரம் வலித்து, நுரை தள்ளும் வழியே குப்புறக் கிடந்தபடி கரைசேர். எழுந்து நின்று சறுக்கிக் காட்டும் நேரம் அதுவன்று. தனியே முடியாதென்று தோன்றினால் ஒரு கையை உயர்த்திக் கூப்பிடு, கூப்பிடுவதில் வெட்கமில்லை. பலகையின்றி நீந்துபவன் மல்லாந்து மிதந்துகொண்டு இதே முறையைச் செய்யலாம்.

கரையேறிய பின், தென்னை மரமொன்றிலே இருகைகளையும் ஊன்றி, நொந்த காலைப் பின்னே வைத்து, குதிகால் மணலை விட்டெழாமல், முழங்கால் மடியாமல் முன்னே சாய்ந்து நிற்க. பின்னர் முழங்காலைச் சிறிதே மடித்து மீண்டும் சாய்ந்தால் கீழ்த்தசையும் நீளும். மெல்ல உருவிவிடலாம்; வெந்நீர் ஒற்றடமும் இதம் தரும். தைலம் பூசுவதிலே தீங்கில்லை. தைலத்தைக் காட்டிலும் பூசும் கையின் உருவுதலே வேலை செய்கிறதென்று நினைக்கிறோம். ஒருமுறை இழுத்த தசை அன்றைக்கு மீண்டும் இழுக்க ஆயத்தமாகவே இருக்கும். ஆகவே அன்று திரும்பவும் இறங்குதலாகாது. எம் பெறாமகன் அன்று மாலை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் மணலிற் கிடந்தான், இறங்க விடவில்லை.

மூன்றாம் நாள் உகந்தைக்குச் சென்றோம். பாணமையைக் கடந்து காட்டுப் பாதையிலே போனால், குமண வனத்தின் வாயிலிலே, கடலை நோக்கிய பாறைகளிடையே முருகன் கோயில் இருக்கின்றது. ஆடிவேல் விழாக் காலத்தையொட்டி யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்தும் கிழக்கு ஊர்களிலிருந்தும் கால்நடையாகக் கதிர்காமஞ் செல்லும் அடியார்கள் இங்கே தங்கியே காட்டிற் புகுவர். பலமுறை நடந்துபோன ஓரம்மையாரோடு கோயில் மண்டபத்திலே பேசிக்கொண்டிருந்தோம். பகல் முழுதும் மணலில் நடந்தோருக்கு இரவிலே பாயிற் கிடக்கும்பொழுதுதான் கால் இழுக்குமென்றும், நடுச்சாமத்திலே ஒருவர் கத்த மற்றவர் எழுந்து காலை நீட்டிப் பெருவிரலை மேலே இழுத்துவிடுவரென்றும் அவர் கூறினார். உறங்கும்பொழுது பாதம் தானாகவே கீழ்நோக்கித் தாழ்ந்து கெண்டைக்கால் குறுகிவிடுகின்றது. பலகையிற் கிடப்பவனின் நிலையும் பாயிற் கிடப்பவரின் நிலையும் ஒன்றே. வீட்டிலே கருவுற்ற பெண்களும் முதியோரும் இரவில் எழுந்து துன்புறுவதும் பெரும்பாலும் இவ்வகையே. படுக்குமுன் சுவரிலே கையூன்றி மேற்கூறியவாறு காலை நீட்டிக்கொள்வதும், பாதத்தை அமிழ்த்தும் கனத்த போர்வையைத் தளர்த்திவிடுவதும் அவர்களுக்கு உதவும்.

எல்லாக் கால்நோவும் பிடிப்பன்று என்பதையும் குடும்பத்தார் அறிந்திருத்தல் வேண்டும். பாயும்பொழுதோ குதிக்கும்பொழுதோ கெண்டைக்காலிற் பின்னாலிருந்து யாரோ அடித்தாற்போலச் ‘சடக்’கென நொந்து, பின் கால் ஊன்ற முடியாதுபோனால் தசையோ நாணோ கிழிந்திருக்கலாம். அதனை இழுத்து நீட்டவோ உருவவோ கூடாது. விமானத்திலோ பஸ்ஸிலோ நெடுநேரம் இருந்து வந்தவருக்கு ஒரு கால் மாத்திரம் வீங்கி, சூடேறி, நிறம் மாறி, நோவு நீங்காமல் நின்றால் அது நாளத்திலே இரத்தம் உறைந்ததன் அறிகுறியாகலாம். மூச்சுத் திணறலும் சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. சிறிது தூரம் நடந்ததும் நொந்து, நின்றதும் விட்டுவிடும் நோவு நாடிகளின் ஒடுக்கத்தைக் காட்டலாம். நீர் பிரியச்செய்யும் மாத்திரை உண்பவருக்கு அடிக்கடி இழுத்தால் வைத்தியரிடம் மாத்திரையைக் காட்டிக் கேட்பது நன்று. அறுகங்குடாவில் இருக்கும்பொழுது இவ்வறிகுறிகளில் எதுவேனும் தோன்றினால் விடுதி அறையிலே தைலம் பூசிக்கொண்டு கிடக்கவேண்டாம். பொத்துவிலிலே ஆதார வைத்தியசாலை இருக்கின்றது; பாலத்தைக் கடந்தால் ஓட்டோவிலே சில நிமிடப் பயணந்தான்.